ஏழாம் பெட்டி

அண்ணையின் கையுறைகள் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. வடதுருவக் கடலுக்குப் போவதற்கென்று வெம்பிளியில் கடை கடையாகத் தேடி வாங்கியவை. என் கைக்கு இரண்டு மடங்கு பெரிது. விலைச்சீட்டைக்கூட அவர் கழற்றவில்லை.

லண்டனில் யன்னலே இல்லாத ஒரு நிலவறை ஆய்வுகூடத்தில் இருவரும் வேலை செய்தோம். நான் கருவிகளைப் பழுது பார்ப்பவள். அவர் நிலநடுக்க ஆய்வாளர்; கூடப் பிறந்தவரில்லை, மரியாதைக்கு அண்ணை. வடதுருவக் கண்டத்திட்டின் அடியில் பழைய பிளவொன்று இன்னும் அசைகிறது என்பது அவருடைய வாதம். கரையிலுள்ள நிலையங்களுக்கு எட்டாத சின்ன அதிர்வுகளைப் பிடிக்க, கடலடியில் கருவிப் பெட்டிகளை இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கப்பலில் போய் ஒலியனுப்பிக் கூப்பிட்டால், பெட்டி முதலில் பதில் சொல்லும். பிறகு அடியில் கட்டிய பாரத்தைக் கழற்றிவிட்டு மிதந்து வரும். பிளவுக்கு நேர் மேலே கிடந்தது ஏழாம் பெட்டி. "ஏழு வந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்பார் அண்ணை. சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான்.

ஆனால் இந்த நாட்டில் தங்குவதற்கான அவருடைய விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. அதற்கு முன் வெளியே கால் வைத்தால் விண்ணப்பமே செல்லாது. கிங்ஸ்பரியில் ஒற்றை அறை, இங்கே நிலவறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ். கப்பல் புறப்படும் கிழமை வரை மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, கையுறைகளை என்னிடம் நீட்டினார்.

"நீர் போட்டு வாரும் தங்கச்சி. எனக்கு ஏலாது."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாங்கினேன். அவருக்குப் பதிலாகக் கப்பலில் நான் போகிறேன் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். அதற்காக என்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

மற்றப் பெட்டிகள் எல்லாம் மிதந்து வந்தன. ஏழாவது கூப்பிட்ட போதெல்லாம் பதில் சொன்னது; மேலே மட்டும் வரவில்லை. கப்பல் தொலைபேசியில் அண்ணையை அழைத்துச் சொன்னேன்.

"பதில் சொல்லுதோ?"

"ஓம் அண்ணை. சேத்துக்குள்ள இறுகிட்டுது போல."

"இன்னொருக்காக் கூப்பிட்டுப் பாரும்."

பனிக்கட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கப்டன் இரண்டு மணித்தியாலம் தந்தார். நான் கூப்பிட்டபடி இருந்தேன். அது பதில் சொன்னபடி இருந்தது. கப்பல் திரும்பிய பிறகும், அந்தச் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை காதுக்கருவியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஏழு இல்லாமல் அவருடைய வாதம் நிற்கவில்லை. திட்டமும் முடிந்தது, வேலையும் போனது. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், இப்போது மேல்முறையீடு. அதே அறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறார். இன்னும் வெளியே போக முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை லாச்சியைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "உங்கட கையுறையைக் கொண்டு வந்து தரட்டோ?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"அண்ணை?"

"இருக்கிறன்."

இன்னொருக்காக் கூப்பிட்டேன்.

"இருக்கிறன் தங்கச்சி."

கையுறைகளை எடுக்காமல் லாச்சியைச் சாத்தினேன்.