ஆயில் மூடியில் ஒரு பொட்டு

என் அக்கா எழிலரசியின் வீட்டுக்காரர் பக்கிரி மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆமாம் என்று தலையாட்டுவார். திருப்பாதிரிப்புலியூர் தபாலாபீசில் இருபத்திரண்டு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தரமும் இழுப்பார். கூடப் போகிறவனுக்கு எரிச்சல் வரும். எனக்கு ரொம்பவே வரும்.

காரைப் பொறுத்தவரை இந்தப் பயம் இரட்டிப்பு. நாலு வருஷம் முன்னால் வாங்கிய பழைய கார் அது. அதோடு வந்த கையேட்டுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிரவுன் அட்டை போட்டு வைத்திருக்கிறார். ஆயில் விளக்கு எரிவதைப் பற்றிய பக்கம் அவருக்கு மனப்பாடம். மஞ்சள் விளக்கு வந்தால் ஆயில் குறைந்திருக்கிறது, சீக்கிரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சிவப்பு வந்தால் ஆயிலில் அழுத்தமே இல்லை, அந்த நொடியே என்ஜினை அணைக்க வேண்டும். தினம் காலையில், வண்டியை எடுக்காத நாளிலும், பானெட்டைத் திறந்து ஆயில் அளக்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்ப்பார். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் எப்போதும் இருக்கும். "மாமா, காருக்குச் சுகர் செக் பண்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று நான் கேலி செய்வேன்.

அந்தப் பயத்துக்கு நானும் ஒரு காரணம். இதற்கு முன்பு அவரிடம் வேறொரு கார் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது சேத்தியாத்தோப்பு தாண்டி அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த நான், "சென்சார் கோளாறு மாமா, கண்டுக்காதீங்க, போங்க" என்றேன். மூன்று கிலோமீட்டரில் என்ஜின் இறுகிப் போய் நின்றது. அதோடு அந்த வண்டி முடிந்தது. இன்றுவரை அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று என் செல்போன் கடையில் பூஜையை முடித்துவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு வாசலில் வாழைக்கன்று கட்டும் வேலை. காருக்குப் பூஜை போடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். செய்தால் திருத்தமாகச் செய்ய வேண்டும் எனக்கு. கண்ணாடி, ஸ்டீயரிங், பேட்டரி, ஆயில் மூடி, ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வண்டியை ஷெட்டில் விட்டார்கள். பிறகு ஒன்பது நாள் அதை எடுக்கவில்லை. மாமா ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போவார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பரீட்சை. தனியார் பள்ளியில் பதினோரு வருஷம் டீச்சராக இருந்துவிட்டாள். அரசுப் பள்ளி வேலைக்கான தேர்வு அது. போன தடவை இரண்டு மார்க்கில் போய்விட்டது. அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். ஆக, இதுதான் கடைசி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம் சென்டர். எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதன் பிறகு யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஆறு மணிக்கே கிளம்பினோம். மாமா வழக்கம்போல் ஆயில் பார்த்தார், நிறைய இருந்தது. ஆனால் முதுநகரில் லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்று ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. அக்கா பின் சீட்டில் குறிப்பு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழி கிடைத்ததும் மாமா தன் சுபாவத்துக்கு மீறி எண்பதில் ஓட்டினார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"மச்சான், எரியுது பாரு" என்றார். குரலே மாறிவிட்டது.

"காலையிலதான பார்த்தீங்க? நெறைய இருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க. சென்சாராத்தான் இருக்கும். போங்க மாமா."

சொன்ன பிறகுதான் இதே வார்த்தையைச் சேத்தியாத்தோப்பிலும் சொன்னேன் என்பது உறைத்தது. மாமாவுக்கு நெற்றி வியர்த்திருந்தது. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் விளக்கில். புதுச்சத்திரம் வருவதற்குள் கருகிய வாடை காருக்குள் வந்தது. வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டார். மணி ஏழு நாற்பத்தைந்து.

"ஏங்க, ஏன் நிறுத்துனீங்க?" அக்கா பதறிப் போனாள்.

"செவப்பு வந்துட்டா இங்கயே நின்னுடும் எழிலு. பத்து நிமிஷம் குடு."

"பத்து நிமிஷமா!"

அக்கா ஹால் டிக்கெட்டோடு ரோட்டுக்கு ஓடினாள். சிதம்பரம் பஸ் ஒன்று வந்தது. படிக்கட்டு வரை ஆள் தொங்க, நிற்காமலே போய்விட்டது. கையை நீட்டியபடியே அவள் நின்றாள்.

மாமா பானெட்டைத் தூக்கினார். புகை எழுந்தது. என்ஜின் மேலெல்லாம் ஆயில் தெறித்து வழிந்துகொண்டிருந்தது. ஆயில் ஊற்றுகிற வாய் திறந்து கிடந்தது. அதன் மூடி நழுவி, பேட்டரி ஓரத்தில் சிக்கி நின்றது. மூடியின் நடுவில் சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். நான் வைத்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆயுத பூஜை அன்று அந்த மூடி அழுக்காக இருந்தது. கழற்றி, பழைய வேட்டித் துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். சந்தனம் ஈரம். திருகினால் விரல் பட்டு அழிந்துவிடும், காய்ந்த பிறகு முறுக்கிக்கொள்ளலாம் என்று சும்மா வாயின் மேல் உட்கார வைத்தேன். அப்புறம் சுண்டல் தின்னப் போய்விட்டேன்.

என் அக்காவின் பதினோரு வருஷத்தை நான் ஒரு பொட்டுக்காகக் கெடுத்துவிட்டேன்.

அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "மூடி எப்படிங்க கழண்டுச்சு? யாரு இத இப்படி அரகொறையா வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தான். காலையில தொறந்து பார்த்துட்டு சரியா முறுக்கல போல."

"நீங்களா? பூட்ட நாலு வாட்டி இழுத்துப் பாக்குற மனுஷன், இன்னைக்குப் பார்த்துதானா இப்படி? என் தலையெழுத்து!" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. மாமா குனிந்த தலை நிமிராமல் டிக்கியிலிருந்து ஆயிலை எடுத்து வந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என்ஜினில் இருக்கும் ஆயில் அடியில் இறங்கும்வரை அளக்கக் கூடாதாம். அந்தச் சில நிமிஷங்களைப் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டி ஆடியது. "போதும் மாமா, ஊத்திட்டுக் கெளம்பலாம்" என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் கம்பியை உருவினார். நுனியில் ஈரமே இல்லை. கொஞ்சம் ஊற்றினார், பொறுத்தார், அளந்தார். மறுபடி ஊற்றினார். முக்கால் பாட்டில் போனதும் கம்பியின் நடுக்கோடு வரை ஏறியது.

மூடியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ முறுக்கு மச்சான்."

துணியை வைத்து இறுக முறுக்கினேன். ஆயிலில் நனைந்திருந்த பொட்டு அழிந்து, துணி வழியே விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

கிளம்பும்போது ஏழு ஐம்பத்தெட்டு. மாமா அறுபதுக்கு மேல் போகவில்லை. விளக்கு எரியவில்லை, ஆனாலும் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம். அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் எட்டு பதினைந்து. ஊருக்குள் நுழைந்தால் தேர்வு எழுத வந்தவர்களின் ஆட்டோ, பைக், கும்பல். கடைசித் தெருவில் வண்டி நகரவே இல்லை. அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பது வயசில், அப்படி ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாட்ச்மேன் ஒரு பக்கக் கேட்டை ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்தார். மற்ற பக்கத்தைத் தொடுவதற்குள் அவள் உள்ளே நுழைந்துவிட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

மாமா வண்டியை ஒரு வேப்ப மர நிழலில் நிறுத்திவிட்டுப் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, மூடிய முறுக்காம வச்சது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பூசைக்கு மறுநாளே பார்த்தேன். லேசா சாஞ்சாப்ல இருந்துச்சு. பூசை போட்டதாச்சே, தொட்டா பொட்டு அழிஞ்சிடுமேன்னு வுட்டுட்டேன். எல்லாத்தையும் இழுத்துப் பாக்குறவன் அத மட்டும் தொடல. அதனால எம்மேலயும் தப்புதான்."

"அப்புறம் ஏன் மாமா நீங்களே எல்லாத்தையும் ஏத்துக்கிட்டீங்க? நடு ரோட்டுல அந்தத் திட்டு திட்டுனாளே."

அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட் பக்கம் பார்த்தார்.

"அவ எம்மேல கோவிக்கிறது பழக்கம் மச்சான். ரெண்டு நிமிஷத்துல மறந்துட்டுப் பரீட்சை எழுதிடுவா. உம்மேல கோவப்பட்டிருந்தா உள்ள போயும் அதையே நெனச்சுக்கிட்டு இருந்திருப்பா. சேத்தியாத்தோப்பு அன்னைக்கு உன்னத் திட்டிட்டு ராத்திரியெல்லாம் உனக்காகத்தான் அழுதா, வண்டிக்காக இல்ல."

உள்ளே மணி அடித்தது. மாமா ஆயில் அளக்கிற கம்பியை உருவித் துடைத்து என்னிடம் நீட்டினார். வாங்கி, உள்ளே விட்டு எடுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு மூடியைத் திருகிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னொரு தரமும் திருகிப் பார்த்தேன்.