படுவான்கரையின் முழங்கால்கள்

நான் வாய்க்காரி. ஒருத்தர் பொய் சொல்வதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அந்தக் குணத்தோடுதான் சுனாமிக்கு அடுத்த வருசம் மூட்டுவாதக் கணக்கெடுப்புக்குப் போனேன். வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை பேருக்கு என்னென்ன வாதம் இருக்கிறது என்று அறிய ஒரு டொக்டர் ஆள் தேடினார். வீட்டுக்கு ஒரு தாள். பெயர், வயது, விலாசம், எந்த மூட்டில் வலி.

வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கத்து ஆட்கள் வந்து சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. என் மகளுக்குப் பதினாறு. பள்ளிக்கூடம் விட்டு அவள் வாசலுக்கு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

வாவியைக் கடந்து, பொழுது படும் மேற்குக் கரையான படுவான்கரையில் ஊரொன்றில் இறங்கினேன். முதல் வீட்டில், வலை இழுத்து முழங்கால் கோணிப்போன மனுசன் நொண்டி நொண்டி வந்து, "எனக்கொரு வருத்தமும் இல்ல மகள், இது வயசு," என்றார். அவர் பெண்சாதி உடனே குறுக்கிட்டாள்: "பெடியனுக்குத்தான் புள்ள வாதம். பதினஞ்சு வயசு. எழும்பவே ஏலாது." எழும்ப ஏலாத பெடியன் பின்வளவுத் தென்னையில் ஏறி இளநீர் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டிலும். கிழடுகளுக்கு நோயில்லை, இளசுகளுக்கெல்லாம் வாதம்! வருத்தக்காரப் பிள்ளைகளைப் பிடிக்க மாட்டார்கள், வீட்டுக்கு ஒரு பெயர்தான் எழுதுவார்களாம், அது இந்தத் தாளில் விழுந்தால் தப்பலாம் என்று நான் போகுமுன்னமே ஊரில் கதை பரவியிருந்தது.

"என்னகா, டொக்டரைப் பேயன் எண்டு நினைச்சீங்களா?" என்று ஒருத்தியிடம் பாய்ந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். "உங்களுக்கும் புள்ள இரிக்கும்தானே," என்றாள். பிறகு அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினேன்.

திரும்பும்போது துறையடியில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளோடு நின்றார்கள். ஆள் பிடிப்பவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தாள்கட்டைக் கேட்டார்கள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கட்டை நீட்டினேன். மூத்தவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

"இந்த ஊர்ப் பெடியன்களுக்கெல்லாம் வாதமோ?"

"ஓம் தம்பி. எந்நேரமும் தண்ணிக்க நிண்டு வேலை செய்யிற சனம். சின்னதிலயே பிடிச்சிரும்."

நெஞ்சறிந்த பொய். வாய் தடுமாறவே இல்லை. அவன் தலையாட்டினான். கடவுளே, ஊர் தப்பிவிட்டது என்று மூச்சு விட்டேன்.

அவன் கட்டின் அடியிலிருந்த தாளை உருவினான். எப்படி நிரப்புவது என்று பழகிப்பார்க்க, காலையில் தேத்தண்ணி குடித்தபடி என் வீட்டுக்கு நானே எழுதிய தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. மகள், பதினாறு வயது, ஒரு வருத்தமும் இல்லை. மேலே என் பெயரும் விலாசமும், கீழே கணக்கெடுத்தவர் என்ற இடத்திலும் அதே பெயர்.

"உங்கட வீட்டில எல்லாரும் நல்ல சுகம் போல, அக்கா," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கட்டைத் திருப்பித் தந்தான்.

வாவியைத் திரும்பக் கடந்து வீட்டுக்கு ஓடினேன். இரண்டு உடுப்பைப் பையில் திணித்து, ஆள் பிடிப்பவர்கள் கை வைக்காத முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த புடைவைக்கடைக்காரர் வீட்டில் விடுவதற்கு மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். பஸ்ஸுக்கு நடக்கையில் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"நொண்டி நடடி," என்றேன்.

ஏன் எதற்கென்று அவள் கேட்கவில்லை. "எந்தக் கால் அம்மா?" என்றாள்.