எல்லாருக்கும் ரெண்டு போர்டு

ஊரடங்கு தளர்ந்த சமயம், காலடிப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் செஸ் போட்டி நடத்தினேன். முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் செல்வியும் ஆட வந்தார். மீன் மார்க்கெட்டில்தான் கொரோனா பரவுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதனால் அவருக்கு மட்டும் தனி போர்டு வைத்தேன். எதிராளி ஆறடி தள்ளி இன்னொரு போர்டில் ஆடுவார். இருவரும் காய் நகர்த்தலை வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல ஒரே போர்டில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

செல்வி உட்காரவில்லை. "இன்னாண்ணே, நோவு குப்பத்துல மட்டுந்தான் கீதா? தள்ளி ஒக்கார்றது நல்லதுன்னா எல்லாருக்கும் ரெண்டு போர்டு போடு. மொதல்ல உன் மாஸ்க்க மேல ஏத்து."

என் முகக்கவசம் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கம்பக்கத்தில் போர்டுகள் கேட்டு வாங்கி, எல்லோரையும் தள்ளி உட்காரவைத்தேன்.

போட்டி முடிந்ததும் மாடி வீட்டுக்காரர், "மீன்காரம்மாவ இன்னாத்துக்குச் சேத்த? அடுத்த தபா மாடி கெடையாது" என்றார்.

"வாணாம். குப்பத்துல மணலு கீது" என்றேன்.

அடுத்த போட்டியை அந்த மணலில்தான் வைத்தேன். செல்வியை மட்டும் தள்ளி உட்காரவைத்தவன் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் முதல் ஆட்டத்தைத் தொடங்கினேன். முகக்கவசம் மூக்கை மூடியிருந்தது. இருந்தும் நான் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.