முப்பது என்று சொன்னவள்

தர்சிகா ஒருவரைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு விமோசனம் இல்லை. கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவர்கள் இதை இன்றைக்கும் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் கணித வாத்தியார் கரும்பலகையில் ஒரு பிழை விட்டார். தர்சிகா அதைச் சொல்லாமல், பாடம் முடியும்வரை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்று வாத்தியார் கேட்டதற்கு, "உங்களுக்கே விளங்கும் எண்டு நினைச்சன் சேர்" என்றாளாம். கெட்டிக்காரிதான். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தில் பாதி, மற்றவன் எங்கே சறுக்குவான் என்று பார்த்திருப்பதிலேயே செலவாகிப் போனது.

கம்ப்யூட்டர் படித்து முடித்து, திருகோணமலை டவுனில் ஈஸ்ட்போர்ட் டேட்டா என்ற கொம்பனியில் சேர்ந்து ஆறு வருடமாகிறது. முதலாளி இராகுலன் மெல்போர்னில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன வேலை செய்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வந்திறங்கிய கையோடு ஊருக்கு ஒரு ஏபிஐ வேண்டும் என்று முடிவெடுத்தார். ஊர் கேட்டதா என்றால் இல்லை. ஊருக்குக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் போதுமாயிருந்தது.

ஏபிஐ என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கொழும்பில் ஒருவன் செயலி எழுதுகிறான். திருகோணமலையில் எந்தக் கடை எங்கே இருக்கிறது, என்ன விற்கிறது, யாருடையது, திறந்திருக்கிறதா என்று அந்தச் செயலிக்குத் தெரிய வேண்டும். அது இராகுலனின் கணினியைக் கேட்கும், கணினி பதில் சொல்லும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானை வெளியிடுவதற்கு உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். நிரலில் வருகிற நெளிவு அடைப்புக்குறி போட்ட கேக் ஒன்றை வெட்டினார்கள். இராகுலன் மேடையில் 'உயிருள்ள தரவு' என்று ஏழு தரம் சொன்னார். பின்வரிசைக் கதிரையில் இருந்து எண்ணியவள் தர்சிகா.

உயிருள்ள தரவு என்று அவர் சொன்னது கொம்பனி தர்சிகாவுக்குக் கொடுத்த ஸ்கூட்டியைத்தான். இரண்டு கிழமைக்கு ஒருதரம் அவள் கடை கடையாகப் போய்ப் பார்த்து, போனில் இருக்கும் இரண்டு பொத்தானில் ஒன்றை அமத்த வேண்டும். ஒன்று திறந்திருக்கிறது, மற்றது மூடியிருக்கிறது. மூன்றாவது பொத்தான் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் பூட்டிய கடையும், முதலாளி மக்காவுக்கு உம்ரா போனதால் பூட்டிய கடையும், ஆளே இல்லாமல் கறையான் அரிக்கிற கடையும் அதற்கு ஒன்றுதான். இது மடத்தனம் என்று முதல் மாதமே தர்சிகாவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னாளா என்றால் சொல்லவில்லை. மெல்போர்ன்காரருக்குத் தானாக விளங்கட்டும் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

பிறகு பதிப்பு இரண்டு வந்தது. செத்த கடைகளைக் கழித்துத் தரவைத் துப்புரவாக்க வேண்டும் என்று இராகுலனுக்கு யோசனை. ஏசி அறைக்குள் கூட்டம் வைத்தார். ஒரு கடை மூடிக்கிடந்து எத்தனை நாளானால் அதை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று எழுதலாம் என்பது கேள்வி. நிரல் எழுதுகிற கிண்ணியா நஸ்ரி விசைப்பலகையில் கைவைத்துக் காத்திருந்தான். வீட்டுக்குப் போகிற நாலரை மணி பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்ற எரிச்சலில் தர்சிகா இருந்தாள்.

"முப்பது போடுங்கோ," என்றாள். "என்னத்தைப் போட்டாலும் உங்களுக்கு ஒண்டுதானே."

அந்த இரண்டாவது வசனத்தை இராகுலன் கவனிக்கவில்லை. "தேர்ட்டி. பியூட்டிஃபுல்," என்றார். நஸ்ரி முப்பது என்று அடித்தான். பதிப்பு இரண்டு அன்றே ஓடத் தொடங்கியது. விழாவை மட்டும் வெளிநாட்டு விருந்தாளிகள் வரும்வரை தள்ளி வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து உட்துறைமுக வீதி யோகலிங்கம் இறந்துபோனார். படகு எஞ்சினுக்கு ஒயிலும் உதிரிப்பாகமும் விற்கிற கடைக்காரர். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் படகுக்காரர்கள் ஸ்பார்க் பிளக் வாங்க அவரிடம்தான் வருவார்கள். செத்தவீட்டுக்குத் தர்சிகாவும் போனாள். பந்தலுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தாள், யோகலிங்கத்தின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். திரும்பும் வழியில் கடையைக் கடந்தபோது, அன்றைய சுற்றும் முடியட்டும் என்று ஸ்கூட்டியை நிறுத்தி, 'மூடியிருக்கிறது' என்ற பொத்தானை அமத்தினாள். கதவில் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. கொடிக்குப் பொத்தான் இல்லை.

முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கடை பூட்டியே கிடந்தது. இடையில் இரண்டு தரம் அவள் போனாள், இரண்டு தரமும் அதே பொத்தானை அமத்தினாள். முப்பத்தோராம் நாள் காலை வீட்டில் ஐயர் கிரியை செய்துகொண்டிருந்த நேரம், கணினி கடையையும் சேர்த்து வழியனுப்பிவிட்டது. அடுத்த நாள் யோகலிங்கத்தின் மனைவி கடையைத் திறந்து கூட்டித் தண்ணீர் தெளித்தார். அது யாருக்கும் தெரியவில்லை. நிரந்தரமாக மூடிய கடைகள் தர்சிகாவின் போன் பட்டியலிலிருந்தும் போய்விடும். இல்லாத கடையை எதற்குப் போய்ப் பார்ப்பது?

கொழும்பு ஒயில் கொம்பனியின் லொறி எந்தெந்தக் கடையில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு செயலி. அந்தச் செயலி இராகுலனின் ஏபிஐயைக் கேட்டுத்தான் தீர்மானிக்கும். லொறி கடையைத் தாண்டிப் போனது. யோகலிங்கத்தின் மனைவி போன் எடுத்துக் கேட்டார். கடை மூடியாயிற்று என்று எங்களிடம் பதிவு இருக்கிறது, வருகிற திங்கட்கிழமை ஏஜென்சியைச் சீனக்குடாவில் வேறொருவருக்குக் கொடுக்கிறோம் என்றார்கள். அந்த ஏஜென்சி போனால் கடையில் மிஞ்சப்போவது வெறும் தட்டுகள்தான். அவர் வாசலில் காத்து நின்று, வீதியில் போன தர்சிகாவை மறித்தார்.

"தங்கச்சி, உங்கட போனில எங்கட கடையை ஒருக்காக் காட்டுங்கோ."

தன் பட்டியலில் இல்லாததால் தர்சிகா முழுத் தரவிலும் தேடி எடுத்துக் காட்டினாள். நிலை: நிரந்தரமாக மூடப்பட்டது. உரிமையாளர்: ச. யோகலிங்கம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரியையும் வாசித்தார். "இவர் இருக்கிறாராம். கடைதான் செத்துப்போச்சாம்."

"அது சிஸ்டம் அக்கா. நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது," என்றாள் தர்சிகா. சொல்லி வாய் மூடுமுன்பே அது அச்சு அசலாக இராகுலனின் கதை என்று அவளுக்கு உறைத்தது.

"செத்தவீட்டுக்கு வந்தனீங்கள்தானே? பந்தலுக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள். நான் கண்டனான்."

தர்சிகாவுக்கு வெட்கமாக இருந்தது. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு நேரே கொம்பனிக் கந்தோருக்குப் போனாள்.

இராகுலன் வியாழக்கிழமை நடக்கவிருந்த பதிப்பு இரண்டு விழாவுக்குக் கழுத்துப்பட்டி தெரிவு செய்துகொண்டிருந்தார். தர்சிகா சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு கடைக்காக விதியை மாத்த ஏலாது தர்சிகா. டெவலப்பர்மாருக்கு ஸ்திரத்தன்மை முக்கியம். அடுத்த அப்டேட்டில பாப்பம்."

"அடுத்தது எப்ப?"

"மூண்டு மாசம். விழாவுக்கு முதல் ஒரு பிழையும் வெளியில போகக்கூடாது. நீலம் நல்லமா, சிவப்பு நல்லமா?"

முன்னாட்களில் என்றால் அவள் உதட்டைச் சுழித்துவிட்டு வெளியே வந்திருப்பாள். இதைப் பிறகு நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பாள். அன்றைக்கு நஸ்ரியின் மேசைக்குப் போனாள். நஸ்ரி தேடிப் பார்த்தான். இதே விதியில் அடிபட்டவை பத்தொன்பது கடைகள். நாலைந்து துடக்கு வீட்டுக் கடைகள், உம்ராவுக்குப் போன தையல்காரர் ஒருவர், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சலூன்காரர் ஒருவர். செத்தது என்று சொல்லக்கூடியவை மூன்றே மூன்று.

"அறுபதாக்கி, 'தற்காலிகமா மூடியிருக்கு' எண்டு மூணாவது பொத்தான் ஒண்டும் போட அரை மணித்தியாலம் காணும்," என்றான் நஸ்ரி. "ஆனா மாற்றக் குறிப்பு ஒண்டு போடோணும். அத நீங்க எழுதுங்க. நான் எழுதினா வேலை போகும்."

"எழுதினா என்ர வேலையும்தான் போகும்."

"ஓம். ஆனா முப்பது எண்டு சொன்னது நான் இல்லையே."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது தைத்தது. மாற்றக் குறிப்பு என்பது பதிப்பில் எதை மாற்றினோம் என்று பாவிக்கிறவர்களுக்கெல்லாம் அனுப்புகிற கடிதம். வழக்கமாக 'சிறு மேம்பாடுகள்' என்று எழுதி 'குழு' என்று கையெழுத்துப் போடுவார்கள். தர்சிகா ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் சொன்னால் அது இதுதான்:

'இங்கே ஒரு வீட்டில் ஆள் இறந்தால் கடை முப்பத்தொரு நாள் பூட்டியிருக்கும். முப்பது நாளில் கடையை மூடியதாக எழுதும் விதியைச் சொன்னது நான். எனக்கு ஊர் வழக்கம் தெரியாததால் நடந்த பிழை அல்ல இது. தெரிந்திருந்தும் யோசிக்காமல் சொன்னேன். பத்தொன்பது கடைகளில் பதினாறு திருத்தப்பட்டுள்ளன. அந்தப் பதினாறையும் தயவுசெய்து இன்றே மறுபடி பாருங்கள். தர்சிகா.'

நஸ்ரி விதியை மாற்றினான், குறிப்பும் போனது. ஒயில் கொம்பனிக்குச் செயலி எழுதியவன் அன்று மாலையே இரண்டு வரியில் பதில் போட்டான், பட்டியலைத் திருத்திவிட்டதாக. சீனக்குடாக்காரரின் ஒப்பந்தம் நின்றுபோனது.

இராகுலன் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? குறிப்பை வாசித்து முகம் கறுத்தார். வெள்ளிக்கிழமை வேலைநீக்கக் கடிதம் தருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை விழாவில் வெளிநாட்டு அம்மா ஒருவர் எழுந்து, இவ்வளவு நேர்மையான மாற்றக் குறிப்பைத் தான் எங்கேயும் வாசித்ததில்லை என்று பாராட்டினார். உடனே இராகுலன் நெஞ்சில் கைவைத்து, அதுதான் எங்கள் கொம்பனியின் பண்பாடு என்றார். கைதட்டினார்கள். சிவப்புக் கழுத்துப்பட்டி. வெள்ளிக்கிழமை கடிதம் வரவில்லை, அதைப் பற்றிய கதையும் வரவில்லை. இந்த மனிதரைக் காறித் துப்பினாலும் பன்னீர் தெளித்தார்கள் என்று போய் மேடையில் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை லொறி உட்துறைமுக வீதியில் நின்றது. ஒயில் பெட்டிகளை இறக்கி முடிந்தபிறகு தர்சிகா கடைக்குள் போனாள். 'திறந்திருக்கிறது' என்ற பொத்தானை அமத்தினாள். ஒரு வரி பாக்கி இருந்தது.

"உரிமையாளர் இடத்தில இன்னும் அண்ணையின்ர பேர்தான் கிடக்கு, அக்கா. மாத்த வேணும்."

"மாத்துங்கோ."

தர்சிகா அண்ணையின் பெயரை அழித்தாள். விரல் அந்தரத்தில் நின்றது. இந்த மனுஷியிடம் எத்தனை தரம் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பாள், மழைக்கு எத்தனை தரம் இந்த வாசலில் ஒதுங்கியிருப்பாள். அக்கா, யோகலிங்கம் அண்ணையின்ர மனிசி, இதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அக்கா, உங்கட பேர் என்ன?"

அவர் எண்ணிக்கொண்டிருந்த பிளக்குகளைத் தட்டில் வைத்தார்.

"இருபத்தாறு வருசமா இந்தக் கடையில நிக்கிறன். நீங்கள் ஆறு வருசமா மாசம் ரெண்டு தரம் வாறனீங்கள்," என்றார். பிறகு மேசையைச் சுற்றி வந்து, போன் திரையைப் பார்த்தபடி தர்சிகாவின் பக்கத்தில் நின்றார்.

"தவமலர். எழுதுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."