தொடங்க வேண்டியது யார்?

மும்பை செம்பூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் நேற்று வாசலில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஸ்டென்சில் ஞாபகம் வந்துவிட்டது. பிரதிகள் எடுப்பதற்காக டைப் அடிக்கிற ஸ்டென்சில் தாளில் எழுத்துத் தப்பினால் தடவுகிற சிவப்புத் திரவத்துக்கு அச்சு அசல் இதே வாசனை. ஒரு பக்கத்துக்கு நாலைந்து தரம் தடவுவேன். அவ்வளவு கெட்டிக்கார டைப்பிஸ்ட் நான்.

அறுபதுகளில் மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்து ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்வந்தேன். அங்கே பெரிய ஹால் ஒன்றை அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் மற்ற எல்லா வேலைகளையும் கட்டி மேய்க்கிற நிரலை இன்றைய பிள்ளைகள் கெர்னல் என்கிறார்கள். எங்களுக்கு அது சூப்பர்வைசர். நான் அதை ஒரு ஆள் என்று நினைத்து, அவர் எந்த அறையில் உட்காருவார் என்று முதல் வாரம் விசாரித்தேன். ஹாலே சிரித்தது.

சூப்பர்வைசரைப் பற்றி ஆபரேட்டர்களுக்கான கையேட்டை எங்கள் அதிகாரி ஆங்கிலத்தில் எழுதினார். கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பான ஆங்கிலம். ஓரிடத்தில், தகவல்களைப் பதிந்து வைக்கிற நாடா இயந்திரம் தன்னைக் கவனிக்கச் சொல்லிக் கூப்பிடும்போது நடக்கிற வேலை நிறுத்தப்படும் என்றும், பிறகு அது மறுபடி தொடங்கப்பட வேண்டும் என்றும் இருந்தது. யார் தொடங்க வேண்டும் என்று கேட்டேன். சூப்பர்வைசரே தொடங்கிவிடும், இது யாருக்கும் தெரியும் என்றார். அப்படியே எழுதிவிடலாமே என்றேன்.

“உன்னை டைப் பண்ணத்தான் வெச்சிருக்கோம். அர்த்தம் பார்க்க நான் இருக்கேன்.”

அடித்துக் கொடுத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல்தான் கோபம் வருகிறது.

கையேடு வெளிவந்த மூன்றாம் வாரம் செல்வராஜ் மாட்டிக்கொண்டான். தாராவிப் பையன், ஆபரேட்டர் வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பேராசிரியரின் கணக்கு காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் நாடா இயந்திரம் கூப்பிட்டது, வேலை நின்றது. செல்வராஜ் கையேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தொடக்கப் பொத்தானை அழுத்தினான். அது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிற பொத்தான்; அதுவரை போட்ட கணக்கு முழுக்க அழிந்துபோயிற்று. பேராசிரியர் கத்தியது வராந்தா வரை கேட்டது. செல்வராஜை வேலையிலிருந்து எடுப்பதற்கான மெமோ டைப் அடிக்க என் மேஜைக்கே வந்தது.

“படிச்சதத்தானக்கா செஞ்சேன். எழுதுனபடி செஞ்சது தப்புன்னா, எழுதுனவுகள என்ன சொல்லுதது?” என்றான் செல்வராஜ்.

மெமோவை இழுப்பறையில் போட்டேன். கையேட்டின் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியரிடம் போனேன். இதில் யார் தொடங்க வேண்டும் என்று போட்டிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் படித்தார். ஆபரேட்டர்தான், வேறு யார் என்றார். சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு அந்தத் தாளோடு அதிகாரியின் அறைக்குள் போனார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, “மெமோ எங்கே?” என்றார்.

“அடிக்கலை சார். அடிக்கவும் மாட்டேன்.”

அன்று மாலையே அந்தப் பக்கத்தை நான் புதிதாக எழுதினேன். ‘நாடா இயந்திரம் கூப்பிட்டால், வேலை நின்ற இடத்தைச் சூப்பர்வைசர் குறித்துக்கொள்ளும். கூப்பிட்டதைக் கவனிக்கும். முடிந்ததும் குறித்த இடத்திலிருந்து தானே தொடங்கும். நீங்கள் எதையும் தொடாதீர்கள்.’ இதே நாலு வரி, தையல்கடையில் பேசுகிற மாதிரியான என் எளிய ஆங்கிலத்தில். பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அதிகாரி முகம் சுளித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பொத்தானைத் தவறாக அழுத்தவில்லை. செல்வராஜ் வேலையில் நிலைத்தான். என்னை மறு மாதமே லீவு விண்ணப்பங்கள் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். கையேட்டில் என் பெயர் இல்லை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பழைய இடம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் கொடுக்கவில்லை. இன்று கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

அந்த இயந்திரத்தைப் பிறகு எடைக்குப் போட்டார்களாம். ஹாலைத் தடுத்து அறைகளாக்கிவிட்டார்கள். அது போகட்டும். அப்போதெல்லாம் ஒரு வரி புரியவில்லை என்றால், அதை எழுதியவர் இன்ன அறையில், இன்ன நாற்காலியில் இருக்கிறார் என்று தெரியும். தாளை எடுத்துக்கொண்டு நேரே போய்ச் சண்டை போடலாம். இப்போது என் போனில் யார் எழுதியதென்றே தெரியாமல், புரியாத ஏதேதோ எழுத்து வந்து நிற்கிறது. யாரிடம் போவது?