மாமாவும் குமிழிப் போத்தலும்

அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. ஆனால் அங்கே அடுப்பும் இல்லை, குசினியும் இல்லை. மருந்து மணக்கும் ஆஸ்பத்திரி அறையில், எட்டு வயதுக்காரி நான், அம்மா பிழிந்து தந்த கொஞ்சப் பாலைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, சிந்தினால் பெரியம்மா என்னைக் கொன்றுபோடுவார் என்ற பயத்தோடு மாமாவின் பின்னால் நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் தம்பி தோலுரித்த அணில் மாதிரிக் கிடந்தான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவனுடைய விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. சுவரிலிருந்து காற்றைக் கொண்டுவந்து மூக்கில் மாட்டியிருந்த குழாயின் மற்ற நுனி பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலுக்குள் முங்கியிருந்தது. கொதித்தது அந்தப் போத்தல்தான்.

அப்பா வேலைக்குப் போய்க் கட்டாரில். அம்மா வயிற்றுத் தையலோடு அடுத்த வார்ட்டில். ஆகவே பிள்ளைக்குப் பொறுப்பு அம்மாவின் தம்பியான இந்த மாமாதான். சாம்பல்தீவுக் கடலில் "அட்டை", அதாவது கடலட்டை, பிடிக்கிறவர் அவர். படகில் இருக்கும் இயந்திரம் குழாய் வழியே காற்றை அனுப்ப, அதை வாயில் கவ்விக்கொண்டு கடலடிக்குப் போவார். அந்தத் தொழிலில் குழாயிலிருந்து குமிழி கிளம்பினால் குழாய் ஓட்டை. ஓட்டையென்றால் ஆள் முடிந்தான்.

"காத்துப் போகுது," என்றார் மாமா. போத்தலுக்குள் கையை விட்டுக் குழாயை வெளியே எடுத்து, அதன் வாயைப் பெருவிரலால் அடைக்கப் போனார்.

கிண்ணியாவைச் சேர்ந்த தாதி ஒருவர், "மிஸி" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், ஓடிவந்து அந்தக் கையிலேயே ஓங்கி ஒன்று வைத்தார்.

"அல்லாவே, என்ன வேல பாத்தீங்க நீங்க?"

"குழாய் லீக், மிஸி. பிள்ளைக்கு வாற காத்தெல்லாம் தண்ணிக்குள்ள போகுது."

"போகத்தான் வெச்சிருக்கு. வெளிய போங்க."

மாமா போகவில்லை. கடலடியில் தான் பட்ட மூச்சுத்திணறல்களையெல்லாம் ஒப்புவிக்கத் தொடங்கினார். குழாயைத் திரும்பப் போத்தலில் பொருத்திய மிஸி, பொறுக்கமாட்டாமல் ஒரு ரப்பர் கையுறையின் உட்புறத்தை நனைத்து உதறி, "இத ஊதுங்க, பாப்பம்," என்று நீட்டினார். மாமா ஊதினார். உள்ளங்கைப் பகுதி பசுமடி போல வீங்கியது. விரல்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மாமாவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததே தவிர ஒரு விரலும் திறக்கவில்லை. மிஸி அதற்குள் நுரைக்கும் சவுக்காரத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுத்தார். பொப், பொப் என்று விரல்கள் விரிந்தன.

"நெஞ்சுக்குள்ள இப்படிச் சின்னச் சின்னப் பை கனக்க இருக்கு. உள்ளுக்கு ஈரம். ஈரம் இழுத்து ஒட்டப் பாக்கும். பை சின்னனெண்டா இழுவை கூட. ஒட்டாம இருக்க உடம்பே சவுக்காரம் மாதிரி ஒண்டைக் கடைசி மாசங்கள்ல செய்யும். இவர் அது வரமுந்தி வந்திட்டார்."

"அப்ப போத்தல்?"

"மூச்சு விடக்குள்ள பை முழுசாச் சுருங்காம தண்ணி எதிர்த்துப் பிடிக்கும். முழுக்கச் சுருங்கினா திரும்பத் திறக்குறது கஷ்டம்."

"அப்பக் குழாயை இன்னும் ஆழமா இறக்குவமே."

"இறக்குங்க. பை வெடிக்கும். பொறகு நீங்களும் நானும் பொலிசில இருப்பம். குமிழி நிண்டா மட்டும் வந்து சொல்லுங்க, வேற ஒண்டுக்கும் வாய் திறக்காதீங்க."

அதன்பிறகு மாமா கடலுக்கே போகவில்லை. வார்ட்டுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு போத்தலுக்குக் காவல் நின்றார். பெரியம்மாவோ, அம்மாவுக்கு வந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, "பாசம் வைக்காதீங்கோ, பேரும் வைக்க வேண்டாம், அது தங்காது," என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்தப் பிஸ்கட் பெரியம்மாவின் தொண்டையில் அடைக்க வேண்டுமென்று நான் மனதார வேண்டிக்கொண்டேன்.

ஒரு முற்பகல் குமிழி நின்றது. "மிஸி, நிண்டிட்டுது" என்று அலறிக்கொண்டு மாமா வார்ட்டு நடையெல்லாம் ஓடினார். அம்மா தையலைப் பிடித்தபடி கட்டிலிலிருந்து இறங்கினார். பெரியம்மா ஒப்பாரியின் முதல் அடியையே எடுத்துவிட்டார். மிஸி வாசலுக்கு வந்து எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"நாங்கதான் கழட்டினம். புள்ளைட சவுக்காரம் வந்திட்டு. அவர்ட சத்தம் கேக்கல்லையா? உங்கட சத்தத்துல எப்பிடிக் கேக்கும்?"

எல்லோரும் வாயை மூடினோம். உள்ளே ஒரு பூனைக்குட்டி கோபத்தில் கத்துவது போலிருந்தது. பெரியம்மா ஒப்பாரியை இருமலாக மாற்றிக்கொண்டார். அம்மா நடையிலேயே, தரையில், உட்கார்ந்துவிட்டார்.

இன்று அந்த வார்ட்டில் போத்தல் இல்லை. இலக்கம் ஓடும் இயந்திரம் நிற்கிறது. மிஸி ஓய்வு பெற்றுக் குறிஞ்சாக்கேணிக்குப் போய்விட்டார். "அது தங்காது" என்ற கதையும் ஊரில் இல்லாமல் போய்விட்டது. கேட்டால், அப்படி யாரும் சொல்லவேயில்லை என்று பெரியம்மா சத்தியம் செய்கிறார். தங்காத அந்தப் பிள்ளை இப்போது கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறது. மைக் வேண்டாம், ஒரே மூச்சில் விலையைக் கீழிருந்து மேலே கொண்டுபோய் நிறுத்துகிறான். வீட்டுக்கு வந்தால் உப்புக் கேட்பதற்கும் அதே குரல்தான். வாயை மூடடா என்று அவனிடம் சொல்ல அம்மாவுக்கும் மனம் வராது, மாமாவுக்கும் வராது. எனக்கு வரும். ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். அவன் கேட்பதில்லை.