முருகனுக்கு நேர்ந்த முடியும் காலேஜ் லேத்தும்

தங்கச் சுரங்கத்து ஊரான ஆண்டர்சன்பேட்டையின் பஜாரில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. நான் எட்டாவது வரைதான் படித்தவன். காலையில் குளித்து நீறு பூசி, கடையில் மாட்டியிருக்கும் முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் தராசைத் தொடுவேன். அறுபதுகளின் நடுவில் என் மூத்த மகன் பெங்களூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டத்துக்குப் படித்தான். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான்.

அது அவனுக்குத் தானாக வந்த ஆசை. சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை மேலேயிருந்து இழுக்கிற பெரிய இயந்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினார்கள். அன்று முதல் வீட்டில் அதே பேச்சு. மாவு மெஷின் பெல்ட்டைக்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் வருவான். ஊரில் பாதிப் பேருடைய உயிர் அந்தக் கூண்டின் கயிற்றில் தொங்குகிறது. அதனால் எனக்கும் அது புண்ணியமான படிப்பாகவே தோன்றியது.

இரண்டாம் வருஷப் பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டான். மறுபரீட்சை எழுதலாம், அதிலும் தவறினால் ஒரு வருஷம் வீண். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் என் மனைவி எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போனாள். மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். எல்லோர் காதிலும் விழும்படி வேண்டிக்கொண்டாள்.

"திருத்தணி முருகா, எம்புள்ள பட்டம் வாங்கற வரைக்கும் அவன் தலையில கத்தி படாது. வாங்கின கையோட உன் சன்னதிக்கு இட்டாந்து முடி எறக்கிடறேன்."

மறுபரீட்சையில் அவன் தேறிவிட்டான். அதன்பிறகு அந்த வேண்டுதலை எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாக நினைக்கவில்லை. எல்லோரையும்விட அவன்தான் கெட்டியாக நம்பினான். முடி காதை மூடிக் கழுத்துக்கு இறங்கியது. தாடியும் சேர்ந்துகொண்டது. பஜாரில் சும்மா விடுவார்களா?

"இன்னா அண்ணே, பையன இன்ஜினியருக்கு அனுப்பினீங்களா, இமயமலைக்கு அனுப்பினீங்களா?" என்று ஷிப்ட் முடிந்து பீடி வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

மூன்றாம் வருஷத்தில் லேத் வேலை வந்தது. இரும்புத் துண்டைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரம் அது. மாணவர்கள் அதில் தங்கள் கையாலேயே வேலை செய்து காட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு. ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தபோது முகமே சரியில்லை. பையிலிருந்து ஒரு தோள்துண்டை எடுத்துப் போட்டான். ஒரு முனை நார்நாராகக் கிழிந்திருந்தது.

"பட்டறைக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாருப்பா, வாத்தியாரு."

"இன்னாடா செஞ்சே?"

"முடிய இந்தத் துண்டால தலப்பா கட்டினு போயிட்டிருந்தேன். குனியறப்ப அவுந்து லேத்துல சிக்கினுச்சு. அவரு ஓடியாந்து நிறுத்திட்டாரு. வெட்டினு வா, இல்லாட்டி வராதேன்றாரு."

அவன் அம்மா அந்தத் துண்டைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப வெட்டிடேன்டா," என்றேன்.

"எப்படிப்பா வெட்டறது? கணக்குல பாஸ் பண்ணது நானாப்பா? முருகன் குடுத்தது. வேல முடிஞ்சதும் ஏமாத்தச் சொல்றீங்களா?"

சிறுவயதிலிருந்து சாமிக்குச் சொன்ன சொல் தவறக்கூடாது என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர்களே நாங்கள்தான். பட்டறை வேலையில் மார்க் இல்லாவிட்டால் அந்த வருஷம் போய்விடும் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தே பிடிவாதமாக இருந்தான்.

திங்கட்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அவனோடு ரயில் ஏறினேன். எப்படியாவது கெஞ்சிக் கேட்டு உள்ளே விடச் சொல்லலாம் என்று எண்ணம். பட்டறை வாத்தியார் காக்கிக் கோட்டு போட்ட கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் பேசினார். நான் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சர்தார் பையன் ஒருத்தன் தலப்பா கட்டினு வேல செய்யறானாமே சார். எம்புள்ளைக்கு மட்டும் ஏன்?"

"அவன் சின்னப் பிள்ளையா இருக்கப்போவே கட்டறான், யஜமான்ரே. உங்க மகன் நேத்து கட்ட ஆரம்பிச்சவன். எனக்கும் சாமி மேல பக்தி இருக்கு. இங்க வாங்க."

ஒரு லேத்தை ஓடவிட்டார். எண்ணெய் துடைக்கிற நூல் கழிவில் ஒரு கொத்தை ஒரு குச்சியின் நுனியில் சுற்றி, சுழல்கிற இரும்புக்குப் பக்கத்தில் நீட்டினார். பட்டதுதான் தெரியும். நூல், குச்சி எல்லாவற்றையும் அது வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் குச்சி துண்டாகி என் காலடியில் கிடந்தது.

"நான் விட்டா, நாளைக்கு உங்களுக்குத் தந்தி அடிக்கறதும் நானே," என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். முடியை எடுத்துவிட்டு வந்தால் விட்டுப்போன வேலைகளையும் செய்ய வைக்கிறேன் என்றார்.

மகன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். "நீங்க போங்கப்பா" என்றதோடு சரி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். அவள் அந்தக் கிழிந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"வேண்டினது யாருங்க?"

"நீதான்."

"அப்ப முடி மட்டும் ஏன் அவனுது? என்னுது எடுத்துக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் தெலுங்குக்காரப் பெண்கள் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வருவார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் ஜனங்களில் புருஷன் இருக்கும்போது ஒரு பெண் தலை மழிப்பது கிடையாது. அதைப் பார்த்தாலே மனசு வேறு எங்கோ போய்விடும்.

"இன்னாமே பேசறே? நான் செத்தா போயிட்டேன்?"

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம ரெண்டு பேரும் செத்தமாதிரிதாங்க," என்றாள்.

அந்தக் கிருத்திகைக்கே திருத்தணி போனோம். மலைமேல் முடி எடுக்கிறவர் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூமுடி குடுத்தா போதுமேம்மா, நுனியில கொஞ்சம்," என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்னலை அவிழ்த்தாள். நான் அங்கே நிற்க முடியாமல் குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சன்னதியில் என்ன வேண்டுவது என்று எனக்கு விளங்கவில்லை. இது சரியா முருகா என்று மட்டும் கேட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு எப்போதும்போல் கடையில் உட்கார்ந்தாள். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பருப்பு வாங்க வந்த ஒரு பெண் அவளைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! அண்ணனுக்கு இன்னா ஆச்சு? எப்ப ஆச்சு? ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே!"

உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த நான் வெளியே வந்தேன். "அண்ணன் உயிரோடதாம்மா கீறேன். இன்னா பருப்பு வேணும், சொல்லு."

அவள் வெட்கப்பட்டு ஓடியே போனாள். என் மனைவி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். சில பேர் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவளும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மகன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உன்ன யாரும்மா கேட்டாங்க?"

"யாரும் கேக்கலடா. கடன் தீந்துபோச்சு. நீ போயி வெட்டினு வா."

"உன் தலைய வாங்கித்தான் எனக்குப் பட்டம் குடுப்பாரா அவரு?"

சாமியை அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "டேய்!" என்று கத்தினேன். அவன் விடுவிடுவென்று தெருவில் இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது தலை ஒட்ட வெட்டி, தாடி மழித்திருந்தது. நீறு இட்டுக்கொள்ளாமல் சாப்பிட உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் நெற்றி வெறும் நெற்றிதான்.

பட்டறை வாத்தியார் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மகன் விட்டுப்போன வேலைகளைச் செய்து முடித்தான். அந்த வருஷமும் தேறினான், அடுத்த வருஷங்களும் தேறினான்; பட்டமும் வாங்கினான். வடக்கே ஒரு எஃகு ஆலையில் வேலை கிடைத்தது. பஜார் முழுக்க நான் கற்கண்டு கொடுத்தேன். ஆனால் கற்பூரம் காட்டும்போது அவன் வீட்டில் இருந்தால், எழுந்து வெளியே போய்விடுவான். நாங்கள் கேட்ட பட்டத்தை முருகன் கொடுத்தார். நாங்கள் கேட்காமல் ஒன்று எங்களைவிட்டுப் போனது. அதை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வேலைக்குக் கிளம்புமுன் அவன் அம்மா திருத்தணிக்குக் கூப்பிட்டாள். அவளுக்காக வந்தான். மலை ஏறினான், அவள் மூச்சு வாங்கினபோது கையைப் பிடித்துக்கொண்டான். கோயில் வாசலில் நின்றுவிட்டான்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்தோம். அவள் கையில் நீறு வைத்திருந்தாள். அவன் நல்ல உயரம்; நின்றபடி நின்றான். அவள் குதிகாலைத் தூக்கி, எக்கி, அவன் நெற்றியில் பூசினாள். அவன் குனியவும் இல்லை, அதைத் துடைக்கவும் இல்லை. எங்கள் செருப்பை எடுத்து எங்கள் காலருகே வைத்துவிட்டு, "ரயிலுக்கு நேரமாச்சு, வாங்க" என்று முன்னால் இறங்கினான்.